கிட்டார் புராசஸர் வாங்கியாச்சு, அப்புறம்? வீட்டுப் பதிவிலிருந்து கச்சேரி மேடை வரை

என் முதல் கச்சேரிக்கு கிட்டார் புராசஸரில் நாற்பது பேட்ச் (சேமித்து வைத்த ஒலி அமைப்பு) தயார் செய்து எடுத்துக்கொண்டு போனேன். ஒரு மாதம் முழுக்க, வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு ஹெட்போன் மாட்டிக்கொண்டு செய்தவை. கல்யாண வரவேற்பு, எங்கள் மெல்லிசைக் குழு. முதல் பாட்டின் இடையிசையில் லீட் பேட்சை மிதித்ததும் கீபோர்டு அண்ணன் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். மிக்ஸரில் இருந்தவர் கிட்டாரின் ஃபேடரை இறக்கினார், கடைசிப் பாட்டு வரை ஏற்றவே இல்லை. இறங்கி வந்து கேட்டேன். "தேன்கூட்டைக் கலைச்ச மாதிரி வந்துச்சு தம்பி, நான் என்ன பண்ணட்டும்?" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. இரண்டு நாள் முன்பு ஒத்திகையில் சின்ன ஆம்பில் மாட்டுவதற்காக ஒரு செட்டிங்கை மாற்றியிருந்தேன். மேடையில் அதைத் திரும்ப மாற்ற மறந்துவிட்டேன். அவ்வளவுதான் விஷயம், ஆனால் அது புரிய எனக்கு மூன்று வாரம் ஆனது.

இப்போது எல்லோரும் ஆம்ப் மாடலர் என்கிறார்கள். நம் ஊர்க் குழுக்களில் இன்னும் 'புராசஸர்'தான். ஆம்ப், அதன் ஸ்பீக்கர் கேபினெட், அதற்கு முன்னால் வைக்கும் மைக், இடையில் வரும் பெடல்கள் எல்லாவற்றையும் கணக்குப் போட்டு ஒரே பெட்டிக்குள் உண்டாக்கித் தருவது அதன் வேலை. பெட்டிக்குள் என்னென்ன இருக்கிறது என்று சொல்லும் வீடியோக்கள் ஏராளம். பெட்டியை விட்டு வெளியே வரும் சத்தம் எங்கே போகிறது, அங்கே போய்ச் சேரும்போது என்ன ஆகிறது என்பதைத்தான் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அதனால் கீழே வரும் படிகளில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான் இருக்கும்.

1. வாங்கும் முன்: எங்கே வாசிக்கப் போகிறீர்கள்?

வீட்டில் பதிவு மட்டும்தான் செய்யப் போகிறீர்கள் என்றால் பெட்டியே வேண்டாம் என்பது என் கருத்து. ஒரு சாதாரண ஆடியோ இன்டர்ஃபேஸ் (கிட்டாரை லேப்டாப்போடு இணைக்கும் கருவி), ஒரு நல்ல ஹெட்போன், ஓரளவு வேகமான லேப்டாப் போதும். நியூரல் ஆம்ப் மாடலர் என்ற மென்பொருள் முற்றிலும் இலவசம். உண்மையான ஆம்ப்களைப் படியெடுத்த ஆயிரக்கணக்கான கோப்புகளும் அதற்கு இலவசமாகவே கிடைக்கின்றன. எழுபதாயிரம் கொடுத்துப் பெட்டி வாங்கி, அதை மேசையை விட்டு நகர்த்தாமலே வைத்திருக்கும் இரண்டு பேரை எனக்குத் தெரியும்.

மேடைக்கும் போக வேண்டும் என்றால் பெட்டி தேவை. அப்போது ஒலியைவிட முதலில் பார்க்க வேண்டியவை வேறு. காலால் மிதிக்க எத்தனை ஸ்விட்ச் இருக்கிறது? வால்யூம் அல்லது வா பெடல் பெட்டியிலேயே இருக்கிறதா? யுஎஸ்பி வழியாக ஆடியோ போகுமா, அல்லது அந்தத் துளை மென்பொருளைப் புதுப்பிக்க மட்டும்தானா? பின்பக்கம் மூன்று முனை உள்ள கேனன் (எக்ஸ்எல்ஆர்) அவுட் இருக்கிறதா, சாதாரண பி-38 (கிட்டார் கேபிள் சொருகும் கால் அங்குலத் துளை) அவுட் மட்டுமா? பாஸ் ஜிடி-1 போன்ற சிறிய பெட்டியில் பெடல் கூடவே இருக்கும், நான்கு பென்சில் பேட்டரியிலும் ஓடும், யுஎஸ்பி ஆடியோவும் உண்டு. ஆனால் கேனன் அவுட் கிடையாது. லைன் 6 எச்எக்ஸ் ஸ்டாம்பில் ஒலியும் வசதிகளும் பல படி மேலே, ஆனால் மிதிக்க மூன்றே ஸ்விட்ச். முப்பது பாட்டுக் கச்சேரியில் மூன்று ஸ்விட்ச் போதுமா என்று கடையிலேயே காலை வைத்துப் பாருங்கள். குவாட் கார்டெக்ஸ் மாதிரியான பெரிய பெட்டிகள் லட்சத்தைத் தாண்டும். தொடங்குபவருக்கு அது வேண்டியதில்லை.

பட்ஜெட் போடும்போது பெட்டியின் விலையோடு நிறுத்திவிடாதீர்கள். என் கணக்கைச் சொல்கிறேன். பழைய பெட்டி ஒன்றை 22,000 ரூபாய்க்கு வாங்கினேன். அடாப்டர் 1,200. மூன்று மீட்டர் கேபிள் இரண்டு 1,400. ஹெட்போன் 4,500. டி.ஐ. பாக்ஸ் (ஒலியை மிக்ஸருக்குச் சுத்தமாக அனுப்பும் சின்னப் பெட்டி) 2,800. பத்து மீட்டர் கேனன் கேபிள் 900. பை 1,500. பெட்டி தவிர மட்டும் 12,300 ரூபாய். கையில் முப்பதாயிரம் இருந்தால் பதினேழாயிரத்துக்குள் பெட்டியைப் பாருங்கள்.

2. வாங்கும்போது: பில், அடாப்டர், சீரியல் எண்

புதிது என்றால் ஜிஎஸ்டி எண்ணுள்ள பில்லை வாங்குங்கள், அதில் பெட்டியின் சீரியல் எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். வாரண்டிக்கு அதுதான் ஆதாரம். "பில் வேண்டாம்னா கொஞ்சம் குறைச்சுக்கலாம்" என்ற பேச்சு வரும். எட்டாவது மாதத்தில் என் யுஎஸ்பி துளை ஆட ஆரம்பித்தபோதுதான் அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று தெரிந்தது. அதன் பிறகுதான் அடுத்த பெட்டியை பழையதாக வாங்கினேன்.

பழைய பெட்டி என்றால் சொந்தக் கிட்டாரும் ஹெட்போனும் லேப்டாப்பும் எடுத்துக்கொண்டு போங்கள். எல்லா ஸ்விட்சையும் இருபது முறை மிதித்துப் பாருங்கள். இரட்டை மிதியாக விழுந்தாலோ, சில நேரம் விழாமல் போனாலோ தேய்ந்திருக்கிறது. பெடலை மெதுவாக மேலும் கீழும் அசைத்து, திரையில் எண் பூஜ்யத்திலிருந்து நூறு வரை தடங்கலில்லாமல் போகிறதா என்று பாருங்கள். ஜாக்கைச் சொருகி லேசாக ஆட்டினால் கரகரப்பு வரக் கூடாது. யுஎஸ்பியில் லேப்டாப்பை இணைத்து ஒரு நிமிடம் பதிவு செய்து கேளுங்கள். பெட்டி பழைய உரிமையாளரின் கணக்கில் பதிவாகியிருந்தால், அதை அவர் கண்ணெதிரே நீக்கித் தர வேண்டும். பணம் கைமாறிய பிறகு அவர் போனை எடுப்பார் என்று நம்பாதீர்கள்.

அடாப்டரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவிலிருந்து சித்தப்பா வாங்கி வரும் பெட்டியின் அடாப்டர் 120 வோல்ட்டுக்கு மட்டும் ஆனதாக இருக்கலாம். நம் 230 வோல்ட்டில் சொருகினால் புகைதான். அடாப்டரின் முதுகில் 100-240 என்று அச்சாகியிருக்கிறதா என்று படியுங்கள். அடுத்து, 9 வோல்ட் என்றால் எல்லாம் ஒன்றல்ல. பெடல்களுக்கான அடாப்டரில் நடுமுனை நெகட்டிவ். கடையில் கிடைக்கும் பொதுவான அடாப்டர்களில் பெரும்பாலும் நடுமுனை பாசிட்டிவ். மின்னோட்டமும் முக்கியம். எச்எக்ஸ் ஸ்டாம்புக்கு 3 ஆம்பியர் வேண்டும். சாதாரண பெடல் அடாப்டர் பெரும்பாலும் அரை ஆம்பியர் அளவுதான் தரும். வெளிநாட்டிலிருந்து வருவதற்குச் சுங்க வரி உண்டு என்பதையும், அங்கே தந்த வாரண்டி இங்கே செல்லாமல் போகலாம் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், லாபம் நினைத்த அளவு இருக்காது.

3. முதல் நாள் மாலை

வாசிக்கக் கை துறுதுறுக்கும். சரி, ஒரு அரை மணி நேரம் வாசித்துவிட்டு வாருங்கள். பிறகு லேப்டாப்பில் தயாரிப்பாளரின் எடிட்டர் மென்பொருளை நிறுவி, பெட்டியில் உள்ளதை அப்படியே பேக்கப் எடுத்து வையுங்கள். அதன் பிறகே ஃபர்ம்வேரை (பெட்டிக்குள் ஓடும் மென்பொருளை) புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கும்போது மின்சாரம் போனால் பெட்டி வேலையே செய்யாத செங்கல்லாகிவிடும் ஆபத்து உண்டு. லேப்டாப்பில் முழு சார்ஜ் இருக்கட்டும், பெட்டியை முடிந்தால் இன்வெர்ட்டர் லைனில் போடுங்கள். கச்சேரிக்கு முந்தைய வாரம் ஃபர்ம்வேரைத் தொடவே தொடாதீர்கள். சில புதுப்பிப்புகளில் பேட்சின் ஒலி அளவே மாறியிருக்கும்.

4. சத்தம் எங்கே போகிறது? (இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள்)

கிட்டார் ஆம்பின் ஸ்பீக்கர் சாதாரண ஸ்பீக்கர் அல்ல. சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் அது சட்டென்று ஒலியைக் குறைத்துவிடும். டிஸ்டார்ஷனில் உள்ள கீச்சுச் சத்தமெல்லாம் அங்கேதான் வடிகட்டப்படுகிறது. பி.ஏ. ஸ்பீக்கரும் (ஜனங்களுக்குக் கேட்கும் மண்டப ஒலிபெருக்கி) ஹெட்போனும் 15 கிலோஹெர்ட்ஸுக்கும் மேலே வரை உள்ளதை உள்ளபடி கொடுக்கும். ஆகவே மாடலரில் 'கேபினெட்' என்ற பகுதி அந்த வடிகட்டும் வேலையைச் செய்கிறது. அது அணைந்திருந்தால் பி.ஏ.-வில் தேன்கூடு. ஆம்பில் மாட்டும்போது அது ஆனாகியிருந்தால் போர்வைக்குள்ளிருந்து வாசிப்பதுபோல் மந்தம். ஏனென்றால் அப்போது இரண்டு முறை வடிகட்டுகிறோம்.

ஹெட்போன், லேப்டாப், மிக்ஸர், பவர்டு ஸ்பீக்கர் இவற்றுக்குப் போகிறதா? ஆம்பும் கேபினெட்டும் இரண்டும் ஆன். பாஸ் கருவிகளில் 'அவுட்புட் செலக்ட்' என்ற இடத்தில் 'லைன்/போன்ஸ்' என்று இருக்க வேண்டும்.

கிட்டார் ஆம்பின் முன்பக்க இன்புட்டில் சொருகுகிறீர்களா? கேபினெட் ஆஃப், ஆம்ப் மாடலும் ஆஃப். வெறும் பெடல் பெட்டியாகப் பயன்படுத்துங்கள்.

ஆம்பின் பின்பக்கம் 'ரிட்டர்ன்' துளை இருந்தால் அதில் சொருகுவது இன்னும் நல்லது. ஆம்ப் மாடல் ஆன், கேபினெட் மட்டும் ஆஃப். சிறிய ஒத்திகை அறைகளில் எனக்கு இதுதான் பிடிக்கும்.

மேடையில் உங்களுக்கு ஓர் ஆம்ப், ஜனங்களுக்கு மிக்ஸர் என்று இரண்டுக்கும் ஒரே நேரத்தில் கொடுக்க வேண்டுமா? பெட்டி இரண்டு பாதையாகப் பிரிக்க விட்டால் மிக்ஸர் பாதையில் மட்டும் கேபினெட்டை வையுங்கள். பிரிக்க முடியாத பெட்டி என்றால் ஆம்பை மறந்துவிடுங்கள். மிக்ஸருக்குக் கொடுத்து, உங்களுக்கு வேண்டியதை மானிட்டரில் (மேடையில் வாசிப்பவர்களுக்காக வைக்கும் ஸ்பீக்கர்) கேளுங்கள்.

ஆம்ப் ஹெட்டின் 'ஸ்பீக்கர் அவுட்'டை ஒருபோதும் மாடலருக்குள் சொருகாதீர்கள். அது ஸ்பீக்கரையே உதறவைக்கும் சக்தி, பெட்டி அந்த இடத்திலேயே செத்துவிடும்.

இந்தச் செட்டிங்கின் இப்போதைய நிலையை ஒரு சின்ன ஸ்டிக்கரில் எழுதிப் பெட்டியின் மேல் ஒட்டிவைக்கிறேன். பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

5. பேட்ச் செய்வது: நான்கு போதும்

பெட்டியோடு வரும் பேட்ச்கள் கடையில் ஹெட்போனில் கேட்பவரை மயக்குவதற்காகச் செய்தவை. ரிவெர்ப் நிறைய, டிலே நிறைய, ஸ்டீரியோவில் விரிந்து கிடக்கும். குழுவோடு வாசிக்கும்போது கீபோர்டின் பேடுக்குள் அவை கரைந்து காணாமல் போகும். வெறும் பேட்சிலிருந்து தொடங்குங்கள். ஓர் ஆம்ப், ஒரு கேபினெட், அவ்வளவுதான். அதுவே நன்றாகக் கேட்கும் வரை வேறு எதையும் சேர்க்காதீர்கள்.

கேபினெட்டில் லோ கட் (அதற்குக் கீழுள்ள ஒலியை வெட்டுவது) 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குள், ஹை கட் (அதற்கு மேலுள்ளதை வெட்டுவது) 5 முதல் 7 கிலோஹெர்ட்ஸுக்குள் வையுங்கள். கிட்டாரின் கடைசி இ கம்பியே 82 ஹெர்ட்ஸ்தான். அதற்குக் கீழே இருப்பது பேஸ் கிட்டாருக்கும் கிக் டிரம்முக்கும் சொந்தமான இடம். கெயினை (ஒலி எவ்வளவு கரகரக்க வேண்டும் என்பதை) பிடித்த அளவுக்கு வைத்துவிட்டு, அதிலிருந்து மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள். தனியாகக் கேட்டால் மெலிந்து தெரியும், குழுவோடு வாசித்தால் சரியாக இருக்கும். நடு அலைவரிசையை வெட்டிவிடாதீர்கள். தனியறையில் அது மூக்கடைத்த மாதிரி இருந்தாலும் மேடையில் கிட்டாரைக் காட்டிக்கொடுப்பது அதுதான்.

அடுத்த பொறி காதிலேயே இருக்கிறது. குறைந்த சத்தத்தில் நம் காதுக்கு அடி ஒலியும் உச்ச ஒலியும் குறைவாகக் கேட்கும். அதை ஈடுகட்ட இரண்டையும் ஏற்றிவிடுவோம். அதே பேட்சை மண்டபத்தில் பெரிய சத்தத்தில் போட்டால் அடி குமுறும், மேலே கிழிக்கும். இரவு பன்னிரண்டு மணி பேட்ச்களுக்கு நேரும் கதி இதுதான். வாடகை ஒத்திகை அறையில் இரண்டு மணி நேரம் எடுத்து, மேடை அளவு சத்தத்தில் வைத்து ஒருமுறை திருத்துங்கள். அந்தச் செலவு வீணாகாது.

எண்ணிக்கை பற்றி: மெல்லிசைக் கச்சேரிக்கு எனக்கு நான்கு பேட்ச் ஆகிறது. ஆர்பெஜியோவுக்கு மெல்லிய கோரஸோடு ஒரு சுத்தமான டோன், ரிதம் வெட்டுக்கு வறண்ட சுத்தமான டோன், லேசான கரகரப்பு ஒன்று, லீட் ஒன்று. லீட் மற்றதைவிட சுமார் 3 டெசிபெல் கூடுதலாக இருக்கட்டும், இல்லாவிட்டால் இடையிசை யார் காதிலும் விழாது. மற்ற மூன்றும் ஒரே அளவில் கேட்க வேண்டும். இதைக் கண்ணால் மீட்டரைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். சுத்தமான டோன் மீட்டரில் துள்ளும், டிஸ்டார்ஷன் மீட்டரில் அடங்கியே நிற்கும், காதுக்கோ நேர்மாறு.

பேட்ச் விட்டுப் பேட்ச் தாவும்போது பல பெட்டிகளில் ஒரு கணம் சத்தம் அறுபடும். பல்லவி முடிந்து சரணத்துக்குள் நுழையும் இடத்தில் அது அசிங்கமாகத் தெரியும். ஒரே பேட்சுக்குள் ஸ்விட்சை வைத்து எஃபெக்டுகளை ஆன், ஆஃப் செய்யுங்கள். ஸ்னாப்ஷாட், சீன் என்ற பெயரில் இதற்கே ஒரு வசதி பல பெட்டிகளில் உண்டு.

பாடகர் மேடையில் வந்து "அரைக் கட்டை இறக்கிக்கலாமா?" என்பார். கீபோர்டுக்கு ஒரு பட்டன். நமக்கும் பிட்ச் ஷிஃப்ட் உண்டு. அரைக் கட்டை, ஒரு கட்டை வரை சமாளிக்கும். அதற்கு மேல் போனால் கம்பி ரப்பராக ஒலிக்கும், கையும் காதும் வேறு வேறு சுருதியில் இருப்பதால் நமக்கே தடுமாறும். முடிந்தவரை கையை மாற்றி வாசிக்கப் பழகுங்கள்.

6. வீட்டில் பதிவு

யுஎஸ்பி கேபிளை நேராக லேப்டாப்பில் சொருகுங்கள், ஹப் வழியாக வேண்டாம். விண்டோஸ் என்றால் தயாரிப்பாளரின் ஏசியோ (ஒலித் தாமதத்தைக் குறைக்கும்) டிரைவரை நிறுவி, பதிவு மென்பொருளில் அதையே தேர்ந்தெடுங்கள். மேக்கில் பல பெட்டிகள் டிரைவர் இல்லாமலே வேலை செய்யும்.

சாம்பிள் ரேட்டை (ஒரு செகண்டுக்கு ஒலியை எத்தனை முறை அளக்கிறது என்பதை) முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். படம், வீடியோ சார்ந்த வேலை என்றால் 48 கிலோஹெர்ட்ஸ்தான் வழக்கம். பாட்டு மட்டும் என்றால் 44.1 வரலாம். ஒருவருக்கு அனுப்பிய கிட்டார் டிராக் அரைச் சுருதிக்கும் கூடுதலாக ஏறி ஒலித்ததற்குக் காரணம் இந்த இரண்டும் மாறிப்போனதுதான். பிட் டெப்த் 24.

பஃபர் (லேப்டாப் ஒரு தடவைக்கு எடுத்துக்கொள்ளும் சாம்பிள்களின் எண்ணிக்கை) 128 என்று வைத்தால், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு வழிக்கு 2.7 மில்லி செகண்ட் தாமதம். ஒலி காற்றில் ஒரு மீட்டர் கடக்கவே ஏறக்குறைய 3 மில்லி செகண்ட் ஆகும் என்பதால் இது ஒன்றும் பெரிதல்ல. 1024 என்று வைத்தால் 21 மில்லி செகண்ட், போக ஒரு முறை வர ஒரு முறை. தாளத்தில் உட்கார முடியாது. பதிவுக்குச் சிறிய பஃபர், மிக்ஸிங்குக்குப் பெரிய பஃபர்.

கிட்டார் இரண்டு முறை, கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல் கேட்கிறதா? பெட்டியிலிருந்து நேராக ஒருமுறையும் லேப்டாப்பைச் சுற்றிவந்து இன்னொருமுறையும் கேட்கிறீர்கள். மென்பொருளில் அந்த டிராக்கின் மானிட்டரை (வாசிக்கும்போதே திருப்பிக் கேட்கவைக்கும் வசதியை) அணையுங்கள், சரியாகிவிடும். இதற்காக ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தவன் நான்.

அளவு: உச்சம் மைனஸ் 12 டெசிபெல் அருகே நிற்கட்டும். பூஜ்யத்தைத் தொட்டால் அந்த டேக் போச்சு. 24 பிட்டில் சத்தம் குறைவாகப் பதிவதால் கெட்டுப்போவது ஒன்றுமில்லை.

எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: டோனோடு ஒரு டிராக், எந்த எஃபெக்டும் இல்லாத வறட்டுக் கிட்டார் இன்னொரு டிராக், இரண்டையும் சேர்த்தே பதிவு செய்யுங்கள். யுஎஸ்பியில் பல சானல் உள்ள பெட்டிகள் இதை அனுமதிக்கும். எச்எக்ஸ் ஸ்டாம்பில் பதப்படுத்திய ஒலி 1, 2-இலும் வறட்டு ஒலி 5, 6-இலும் வரும். நாளை இசையமைப்பாளர் "வாசிப்பு அருமை, டோன் மட்டும் வேற வேணும்" என்றால் அந்த வறட்டு டிராக்கைப் பெட்டிக்குள் திருப்பி அனுப்பி, வேறு ஆம்பில் பதிவு செய்துவிடலாம். மறுபடி வாசிக்க வேண்டாம். வெளியே அனுப்பும்போது இரண்டு கோப்பையும் பாட்டின் தொடக்கத்திலிருந்தே நீளமாக ஏற்றுமதி செய்து, கோப்பின் பெயரில் டெம்போ, சாம்பிள் ரேட் இரண்டையும் எழுதுங்கள்.

ரிதம் அகலமாக வேண்டுமா? ஒரே டிராக்கை நகல் எடுத்து இடம் வலம் என்று வைத்தால் அகலம் வராது, நடுவில் சத்தம்தான் கூடும். இரண்டு முறை வாசிக்க வேண்டும். லேப்டாப் சார்ஜரைச் சொருகினால் ஊய் என்று சத்தம் வந்தால், டேக் முடியும் வரை பேட்டரியில் ஓட்டுங்கள்.

7. கச்சேரிக்கு முன்: ஒரு தாள், ஒரு போன்

மூன்று வாரம் முன்பு பேட்ச்கள் முடிந்திருக்க வேண்டும். இரண்டு வாரம் முன்பு முழு ஒத்திகை. ஒரு வாரம் முன்பு பேக்கப் எடுத்து லேப்டாப்பிலும் போனிலும் போட்டுவையுங்கள். பிறகு எதையும் மாற்றக் கூடாது. மாற்றத் தோன்றும். மாற்றாதீர்கள்.

இரண்டு நாள் முன்பு சவுண்டு சர்வீஸ்காரருக்கு போன் செய்து, "அண்ணே, கிட்டாருக்கு ஆம்ப் கிடையாது, லைன்தான், மோனோ ஒண்ணு போதும், டி.ஐ. நானே கொண்டுவரேன்" என்று சொல்லுங்கள். குழுத் தலைவர் அனுப்பும் இன்புட் லிஸ்டிலும் 'கிட்டார், லைன், மோனோ, 1' என்று இருக்கட்டும். மண்டபங்களில் பி.ஏ. பெரும்பாலும் மோனோவாகத்தான் ஓடும். ஸ்டீரியோ பேட்சில் இடது பக்கத்தை மட்டும் கொடுத்தால், வலது பக்கம் போகும் டிலேயெல்லாம் காணாமல் போகும். ஸ்டீரியோ கோரஸ் இரண்டையும் ஒன்றாகக் கலக்கும்போது சில சமயம் சத்தமே மெலியும். இடது/மோனோ என்று எழுதிய துளையில் மட்டும் சொருகி, பேட்ச்களை மோனோவில் கேட்டுச் சரிபாருங்கள்.

8. மேடையில்

சொன்ன நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே போய்விடுங்கள். டிரம்ஸும் தபேலாவும் மைக் வைக்கும் நேரத்தில் நீங்கள் உங்கள் வேலையை முடித்துவிடலாம். எல்லோரும் மேடை ஏறிய பிறகு உங்களுக்கு இரண்டு நிமிடம்கூடக் கிடைக்காது.

முதலில் மின்சாரம். அலங்கார சீரியல் செட்டும் மேடை விளக்கும் ஓடும் ஜங்ஷன் பாக்ஸில் சொருகாதீர்கள், இரைச்சல் நிச்சயம். மிக்ஸருக்கு எங்கிருந்து லைன் எடுத்திருக்கிறார்களோ அங்கிருந்தே கேளுங்கள். ஜெனரேட்டர் மாறும்போது ஒரு கணம் மின்சாரம் போய்வரும், பெட்டி மறுபடி உயிர்பெற அரை நிமிடம் ஆகலாம். அதனால் ஒரு சிறிய யுபிஎஸ் இருந்தால் நிம்மதி. பேட்டரியில் ஓடும் பெட்டிக்கு இந்தக் கவலையே இல்லை. சிறிய பெட்டியை நான் இன்னும் விற்காமல் வைத்திருப்பது அதற்காகத்தான்.

அடுத்து எர்த். கிட்டார் கம்பியைப் பிடித்துக்கொண்டு மைக்கில் வாய் வைத்தவர்கள் உதட்டில் ஷாக் வாங்கிய கதை ஒவ்வொரு குழுவிலும் இருக்கும். கம்பியையும் மைக்கின் வலையையும் லைன் டெஸ்டரால் தொட்டுப் பாருங்கள். எரிந்தால் எலெக்ட்ரீஷியன் வந்து சரிசெய்யும் வரை வாசிக்காதீர்கள். ஹம்மிங்கைப் போக்க அடாப்டரின் எர்த் பின்னை உடைத்துப் போடும் பழக்கம் உண்டு. அது உயிரோடு விளையாட்டு. அதற்குத்தான் டி.ஐ. பாக்ஸில் 'கிரவுண்ட் லிஃப்ட்' என்ற சின்ன ஸ்விட்ச் இருக்கிறது, அதைத் தள்ளுங்கள்.

டி.ஐ. பாக்ஸ் ஏன்? மேடையிலிருந்து மிக்ஸர் இருபது, முப்பது மீட்டர் தள்ளி இருக்கும். சாதாரண கிட்டார் கேபிளை அவ்வளவு தூரம் இழுத்தால் வழியில் உள்ள இரைச்சலையெல்லாம் பொறுக்கிக்கொண்டு போகும். டி.ஐ. அதை பேலன்ஸ்டு (வழியில் ஏறும் இரைச்சலைக் கழித்துவிடும் முறை) ஆக்கி மைக் கேபிளில் சுத்தமாக அனுப்பும். இன்னொரு காரணம், மிக்ஸரில் கண்டென்சர் மைக்குக்காக 48 வோல்ட் ஃபேண்டம் பவர் போட்டிருப்பார்கள். சின்ன மிக்ஸர்களில் ஒரே பட்டனில் எல்லா சானலுக்கும் போகும். உங்கள் பெட்டியின் கேனன் அவுட்டுக்குள் அது ஏறினால் சில பெட்டிகள் தாங்காது. டிரான்ஸ்ஃபார்மர் உள்ள பேசிவ் டி.ஐ. அதைத் தடுத்துவிடும். ஆக்டிவ் டி.ஐ.-க்கு வேலை செய்யவே அந்த 48 வோல்ட்டோ பேட்டரியோ வேண்டும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

சவுண்ட் செக்கில் முதலில் அதிகச் சத்தமான பேட்சை, அதாவது லீடை, கச்சேரியில் வாசிக்கும் வேகத்தில் வாசியுங்கள். அவர் கெயினை அதற்கு வைக்கட்டும். மெதுவாக வாசித்துக் காட்டிவிட்டுக் கச்சேரியில் அடித்து வாசித்தால் மிக்ஸரில் சிவப்பு எரியும், அப்புறம் உங்களை முழுக்கவே இறக்கிவிடுவார். பெட்டியின் மாஸ்டர் வால்யூமை முக்கால் அளவில் வைத்து, அதன் பிறகு தொடாதீர்கள். சத்தம் போதவில்லை என்றால் மானிட்டரில் கேளுங்கள்.

மண்டபம் எதிரொலிக்கிறது, டோன் குமுறுகிறது என்றால் நான்கு பேட்சையும் திறந்து திருத்திக்கொண்டிருக்க நேரமிருக்காது. குளோபல் ஈக்யூ என்று ஒன்று பல பெட்டிகளில் உண்டு, எல்லா பேட்சுக்கும் சேர்த்து வேலை செய்யும். அதில் அடியை இரண்டு மூன்று டெசிபெல் குறைத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். இல்லாவிட்டால் அடுத்த வாரம் "டோன் ஏன் மெலிஞ்சு போச்சு" என்று தலையைச் சொறிவீர்கள்.

9. திடீரென்று சத்தம் வரவில்லை என்றால்

இந்த வரிசையில் பாருங்கள். கிட்டாரின் வால்யூம் குமிழ். பெட்டியில் டியூனர் ஆனாகி மியூட் ஆகியிருக்கிறதா? (பாதி நேரம் இதுதான்.) பெடல் பூஜ்யத்தில் நிற்கிறதா? டியூனர் கம்பியைப் படிக்கிறதா? படித்தால் பெட்டி வரை ஒலி வருகிறது. ஹெட்போனைச் சொருகிக் கேளுங்கள். அதில் வந்தால் பெட்டியும் நலம், கோளாறு அதற்கு வெளியே. அவுட் கேபிளை மாற்றுங்கள், பிறகு டி.ஐ., பிறகு மிக்ஸர்காரரைப் பார்த்துக் கையசையுங்கள். இவ்வளவுக்கும் ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தை கீபோர்டுக்காரர் சமாளித்துக்கொள்வார், அவரிடம் முன்பே சொல்லிவைத்திருந்தால்.

என் பையில் எப்போதும் இருப்பவை: கூடுதலாக ஓர் அடாப்டர், இரண்டு கேபிள், எட்டு பேட்டரி, லைன் டெஸ்டர், கறுப்பு டேப், ஒரு சின்ன டார்ச், ஸ்டிக்கருக்கு ஒரு பேனா. திரும்பும்போது டி.ஐ. பாக்ஸை எண்ணி எடுத்து வையுங்கள். அது மேடைக்கு அடியில், மற்றவர் கேபிள்களோடு சுருண்டு போய்விடும். நான் இரண்டு தொலைத்திருக்கிறேன்.